பொங்காத பால்

ஹென்டர்சன் புறநகருக்குப் போகும் ரயிலில், எனக்கு முன் இருக்கையில் வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள்.

"அமெரிக்காவில பால் பொங்காதாம்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னடியப்பா கதைக்கிறாய்?"

"அண்ணா புது வீட்டில பால் காய்ச்சினவர். பொங்கி வரேக்க அடுப்பு தானா நிண்டிட்டுது. அவ்வளவு கெட்டிக்கார அடுப்பு. திருப்பிப் போட்டாலும் அப்பிடித்தானாம். அண்ணி அழுதிட்டா."

"ஐயோ, எவ்வளவு காலமாக் கனவு கண்ட வீடு!"

"ஓம். அமெரிக்கா போனாத்தான் ஆளாகலாம் எண்டு போனவரெல்லோ. நேற்று போனில கேக்கிறார், நீங்கள் இன்னும் வாடகை வீட்டிலையோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் அண்ணா, வாடகை வீடுதான், பழைய அடுப்புதான். கொஞ்சம் கண்ணை எடுத்தாப் பொங்கி ஊத்துது. ஒவ்வொரு நாளும் நான்தான் துடைக்கிறன் எண்டன்."