நாள் குறித்தது ரேகா அல்ல

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் சடகோபன் அவர்களே, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் பால் கம்பெனியின் புத்தூர் வட்டார மேலாளர் பாலையா அவர்களே, ரேகாவோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த ஷோபா அம்மா, காலைப் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நகரியிலிருந்தும் பிச்சாட்டூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் என் அக்கா தங்கச்சிகளே, உங்கள் எல்லோருக்கும் பொன்னியம்மாளின் வணக்கம்.

செத்துப்போனவள் என் பேத்தி. என் மகள் வயிற்றுப் பிள்ளை. அழுவதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. அழ வேண்டியதை வீட்டிலேயே அழுது தீர்த்தாயிற்று. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் மகளிர் குழுத் தலைவியாக மைக் பிடித்துப் பழகியவள். சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதில் ஒரு வரியையும் விடப் போவதில்லை.

யார் இந்தப் பொறியாளர் ரேகா? திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு நம் பால் கம்பெனிக்கு வந்தாள். நம்முடைய பால் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தராசு காட்டும் லிட்டரையும், மிஷின் காட்டும் கொழுப்பையும் வாங்கி, யார் ஊற்றினாரோ அவர் பேருக்கு நேரே அது பதிகிறது. அது எழுந்திருக்கவில்லை என்றால் என்ன ஆகும்? நாம் வரிசையில் நிற்போம். பால் நிற்குமா? கேனுக்குள்ளேயே திரிந்துபோகும்! அந்தக் கம்ப்யூட்டர்களை எழுப்புவதுதான் என் பேத்தியின் வேலை.

அவள் வேலை செய்கிற விதத்தை நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நான் பால் ஊற்றும் பிச்சாட்டூர் நிலையத்தை நடத்தும் வள்ளியம்மாள் இதோ முன்வரிசையில் இருக்கிறாள். ஒருநாள் அவள் போன் செய்தாள்.

"ஏம்மா ரேகா, பொட்டி நீலமா பூடுச்சி. மேல அழுவுற மூஞ்சி ஒண்ணு கீது, பக்கவாட்ல சாஞ்சிக்கினு."

"மூஞ்சிக்குக் கீழ இங்கிலீஷ்ல எழுத்து கீதா அக்கா?"

"கீது. எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் உனக்கு போன் போடறேன்?"

"படிக்க வேணாம். அது அழுவறப்பவே ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. சீக்கிரம், அது மறுபடியும் தூங்கிப்பூடும்."

"பொணத்தப் போட்டோ எடுக்கற மாரி இன்னாடி இது!" என்றாள் வள்ளியம்மாள். நீ சிரிக்கலாம் வள்ளியம்மா, அன்றைக்கும் நீ சிரித்தாய். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் ரேகா நோயைக் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் சிஸ்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுமாம். பழைய பென்டிரைவ் ஒன்று செருகியபடியே இருந்ததால் அதில் தேடிவிட்டுக் குழம்பி நின்றிருக்கிறது. பிடுங்கச் சொன்னாள். பிடுங்கினாள். எழுந்தது. அன்றைய மாலைப் பால் கெடவில்லை.

முதலில் கேட்பாள். பிறகு பார்ப்பாள். அதன் பிறகுதான் தொடுவாள். இதுதான் ரேகா!

இப்போது சரஸ்வதி பூஜைக்கு முந்தைய விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் பாலையா அவர்களே, நிமிர்ந்து உட்காருங்கள். உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பழைய விண்டோஸுக்கு இந்த அக்டோபரோடு காலம் முடிகிறது, எல்லா நிலையங்களிலும் புதிய சிஸ்டம் போட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். சரி. ரேகா அதற்கான ஃபைல்களை நெட் மெதுவாக வரும் ஊர்களுக்குக் கூட முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வைத்தாள். புத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் ஏற்றிவிடலாம். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் இடையில் கிடைக்கும் நேரம் போதும். ஒரே ஒரு நிபந்தனை. சிஸ்டம் ஏறும்போது கரண்ட் போகக் கூடாது. பாதி வழியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. கம்ப்யூட்டருக்கு எழவே தெரியாமல் போய்விடும்.

இதைச் சொல்லி என் பேத்தி என்ன கேட்டாள்? "விஜயதசமி முடிஞ்சி வெச்சிக்கலாம் சார்" என்று கேட்டாள். பக்கத்தில் ஷோபா இருந்தாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் குதரது அம்மா, முடியாது, ஹெட் ஆபீஸுக்கு இந்த வாரமே ரிப்போர்ட் போவணும், ஆயுத பூஜை அன்னிக்கே போட்டுடு" என்றீர்கள். "அப்படின்னா அன்னிக்கு மெயினை நிறுத்த வேணாம்னு சென்டர்களுக்கு எல்லாம் சொல்லணும் சார்" என்றாள். "அத நான் சொல்லிக்கறேன்" என்றீர்கள்.

சொன்னீர்களா? இங்கே நிலையம் நடத்தும் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். யாருக்காவது மேலாளரிடமிருந்து போன் வந்ததா? வந்திருந்தால் கையைத் தூக்குங்கள்!

ஒரு கையும் இல்லை. ஒரு கையும் இல்லை, தலைவர் அவர்களே!

அன்றைக்கு நம் பெண்கள் என்ன செய்தார்கள்? வருஷா வருஷம் செய்வதைச் செய்தார்கள். காலைப் பால் முடிந்ததும் நிலையத்தைக் கழுவினார்கள். தராசுக்குப் பொட்டு. கொழுப்பு மிஷினுக்குப் பொட்டு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஆயுதம் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே மெயினை அணைத்தார்கள். யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்தியது. அதையும் அணைத்தார்கள். பூஜை வேளையில் கத்தினால் யார்தான் விடுவார்கள்? நானாக இருந்தாலும் அணைத்திருப்பேன்! ஏர் பூட்டாத நாள் அது, கத்தியைத் தொடாத நாள் அது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. பாலையா அவர்களே, அதே நேரத்தில் புத்தூர் அலுவலக வாசலில் நீங்களும் பூசணிக்காய் உடைத்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

உள்ளே ரேகாவின் திரையில் நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நகரி மறைந்தது. பிச்சாட்டூர் மறைந்தது. முதலில் கரண்ட் கட் என்று நினைத்தாளாம். வெளியே பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டபோதுதான் புரிந்ததாம்.

மாலையில் நாம் கேனோடு போனோம். எந்த நிலையத்திலும் கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் போனில் யோசனை சொன்னார்: "ஃபார்மேட் கொட்டேயண்டி மேடம், அரகண்டலோ அயிபோதுந்தி." எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அரை மணியில் முடிந்துவிடுமாம். மேலாளரும் அதையே சொன்னார். அழித்தால் என்ன போகும்? பட்டுவாடாவுக்காக அந்தப் பதினைந்து நாளில் நாம் ஊற்றிய பால் கணக்கு அத்தனையும் போகும்! அது இன்னும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்படவில்லை. பிச்சாட்டூரில் ஊற்றியதன் கணக்கு பிச்சாட்டூர் பெட்டியில் மட்டுமே இருந்தது.

ரேகா என்ன சொன்னாள்? "அழிக்கறதுக்கு நான் எதுக்கு சார்? அத யார் வேணாலும் செய்வாங்க. அவங்க பாலை எடுத்த பிறகுதான் பெட்டியைத் தொடுவேன்."

ஸ்கூட்டியை எடுத்தாள். பென்டிரைவில் வேறொரு சிறிய சிஸ்டத்தை வைத்திருந்தாள். பெட்டியில் இருப்பதை எழுப்பாமல், பென்டிரைவிலிருந்து எழுப்பி, உள்ளே இருக்கும் பதிவுகளை முதலில் வெளியே எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பிச்சாட்டூரில் அது ஏறவே மாட்டேன் என்றது. பென்டிரைவ் செருகும் ஓட்டையில் நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஓட்டை நிறைய சந்தனம்! குழைத்து, ஆழமாக, நன்றாகவே அப்பியிருந்தார்கள்.

"இன்னா வள்ளியக்கா, சாமிய உள்ளயே குடி வெச்சிட்டியா?"

"முன்னாடி பொட்டு வெச்சா போதுமா? பவரு உள்ள போவ வேணாமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற நாங்களும் சிரித்தோம். பின்பக்க ஓட்டையில் செருகினாள். பெட்டி எழுந்தது. நம் பேரும் நம் லிட்டரும் வரிசையாக வந்தன. அதுவரை கையால் எழுதி வாங்கிய பாலையும் அவளே உட்கார்ந்து ஏற்றினாள். பிச்சாட்டூரில் ஆனது போலவே மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு நிலையமாக ஆயிற்று. சத்தியவேட்டுப் பக்கம் சில நிலையங்களில் மட்டும், நேரம் போதாமல், பழைய சிஸ்டத்தையே திரும்ப ஏற்றி எழுப்பிவிட்டு வந்தாள். ஒரு பெண்ணின் பால், ஒரு லிட்டர், தொலைந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது!

இவ்வளவுக்கும் கம்பெனி அவளுக்குத் தந்தது என்ன?

கடைசி நிலையமும் எழுந்த மறுநாள் எல்லா நிலையங்களின் சுவரிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. தெலுங்கில் மேலே, தமிழில் கீழே. "பொறியாளரின் கவனக்குறைவால் பால் கொள்முதலில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்டவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்." கீழே பாலையா அவர்களின் கையெழுத்து.

யாருடைய கவனக்குறைவு? நாள் குறித்தது யார்? ரேகாவா? சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் விட்டது யார்? ரேகாவா?

அந்த நோட்டீஸை நான் கிழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ஆயா. நாம கிழிச்சா, கிழிச்சதுதான் ஊர்ப் பேச்சாவும். ஒட்டினவங்களே எடுக்கட்டும்" என்றாள். எடுப்பார்கள் என்று நம்பினாள். தீபாவளி வந்தது. டெங்கு வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கையோடு ஷோபாவுக்கு போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள், புதிய சிஸ்டம் ஏறாமல் மிச்சம் இருந்த நிலையங்களுக்கு. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களே, உனக்கு ஏன்டி இந்த வேலை என்று கேட்டேன். "எடுத்தது அவங்க. ஊத்தறது நீங்கதானே" என்றாள். பிறகு காய்ச்சல் அவளைப் பேச விடவில்லை.

அவள் போய்விட்டாள். நோட்டீஸ் போகவில்லை. இன்றைக்குக் காலையில்கூட அதற்குக் கீழே நின்றுதான் நான் பால் ஊற்றினேன்.

மேலாளர் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் பாலையா அவர்களே, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"அம்மா, இது அதுக்கான இடம் இல்லம்மா. ஆபீஸுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்கிறார். கேட்டீர்களா? நோட்டீஸை ஆபீஸுக்குள்ளா ஒட்டினார்? ஊர் பார்க்க ஒட்டினார்! ஊர் பார்க்க ஒட்டியதை ஆபீஸுக்குள் எப்படிப் பேசுவது? நீங்கள் இந்த மேடைக்கு வந்ததை நான் தப்பாகச் சொல்லவில்லை. மாலை வாங்கி வந்தீர்கள், போட்டோவுக்குப் போட்டீர்கள், "நேர்மையான பணியாளர்" என்று பேசினீர்கள். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொள்கிறேன். நேர்மையான பணியாளர் என்றால், சுவரில் இருப்பது பொய். சுவரில் இருப்பது உண்மை என்றால், நீங்கள் இங்கே பேசியது பொய். இரண்டில் ஒன்றை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா தங்கச்சிகளே, இனி நாம் செய்யப் போவதைச் சொல்கிறேன். சத்தியவேட்டுப் பக்கம் இன்னும் சில நிலையங்களில் புதிய சிஸ்டம் ஏறவில்லை. அந்த வேலையை ஷோபா முடிப்பாள். எந்த நாள் என்பதை அவள் குறிப்பாள், வேறு யாரும் குறிக்க மாட்டார்கள். அவள் சொல்லும் நாளில் ஒவ்வொரு நிலையத்திலும் நம் குழுப் பெண் ஒருத்தி மெயின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். மந்திரியே வந்து நிறுத்து என்றாலும் நிறுத்த மாட்டாள். இனி எந்தப் பெட்டி எழாமல் போனாலும், உள்ளே இருக்கும் நம் பால் வெளியே வராமல் யாரும் எதையும் அழிக்க விடமாட்டோம். இது ரேகா செய்த வேலை. இதை நிறுத்த எந்த மேலாளருக்கும் நாம் இடம் தரமாட்டோம். சம்மதமா? சத்தமாகச் சொல்லுங்கள்!

நன்று.

தலைவர் சடகோபன் அவர்களே, நான் இறங்கியதும் நீங்கள் எழுந்து, எல்லோரும் நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம் என்று சொல்வீர்கள். தயவுசெய்து இங்கே சொல்லாதீர்கள். என் பேத்திக்காக நான் இந்த மண்டபத்தில் வாயை மூடி நிற்க மாட்டேன். புத்தூர் பால் நிலையம் அடுத்த தெருவில் இருக்கிறது. எல்லோரும் எழுந்து அங்கே நடப்போம். கூச்சல் வேண்டாம், கல் வேண்டாம், கையால் யாரும் சுவரைத் தொடவும் வேண்டாம்.

பாலையா அவர்களே, நீங்கள் முன்னால் நடங்கள். அந்த நோட்டீஸை உங்கள் கையால் எடுங்கள். நீங்கள் எடுத்து முடிக்கும் வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் நிற்போம். அதுதான் பொறியாளர் ரேகாவுக்கு எங்கள் மௌன அஞ்சலி. எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.