எட்டு ராத்தல் பீரங்கி

“பிரான்சுக்காரங்க ராத்தலும் நம்ம ராத்தலும் ஒண்ணுதானா அத்தா?”

பொம்மைப் பீரங்கிகள் பரப்பிய மேசையின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு மகள் ஜரீனா எப்போதோ கேட்டது. “போய்ப் படி, போ” என்று கையூம் அன்றைக்கு விரட்டிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து டெலிபோனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கையில், அவர் கையில் இருந்ததெல்லாம் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. மேலே வார்டில் மருதப்பன் கிடந்தார். செம்பவாங் கப்பல் பட்டறை ஸ்டோரில் இத்தனை வருஷம் பக்கத்து மேசைக்காரர். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன ஈயப் பொம்மைப் படைகளை வைத்து, தாங்களே விதி எழுதி, ஞாயிறுதோறும் யுத்தம் நடத்தும் ஜோடி. நாளைக் காலை அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மருதப்பனோ கையெழுத்துப் போட மறுக்கிறார்.

“ஹலோ... ஹலோ, அண்ணே? வைக்காதீங்க! நான்தான், கையூம்... ஆமா, ஆமா, சிஸ்டர்கிட்ட நான்தான் கெஞ்சினேன்... ரெண்டே நிமிசம்ணே.

“எங்கேருந்தா? டன்லப் ஸ்திரீட்லதான்... வீட்டுக்குக் கீழ, கடை போன்ல... என்ன சத்தம்?... அதுவா... பாட்டில் வண்டிக்காரன் போறான்ணே.”

நோயாளி ஒருவரைத் தள்ளிக்கொண்டு போன வண்டி கடந்து போகும்வரை, பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கையெழுத்துப் போட்டீங்களா?... ஏன்ணே?... இதைத்தான் நேத்தும் சொன்னீங்க. ‘நான் பிடிச்சது எதுவும் கையில நிக்காது’ன்னு... அண்ணி தவறிப் போனதுக்கும் இதுக்கும் என்ன... இல்ல, கேளுங்க... இல்லண்ணே... சரி, சரி, கத்தல.

“போன ஞாயித்துக்கிழமை ஆட்டமா? அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க தோக்கல... தோக்கலங்கறேன்! ஆறுதலுக்குச் சொல்லல, அல்லா அறிய சொல்றேன்... நம்ம விதி என்ன? குண்டு எடை கூடக் கூட பகடை கூடும். ஆறு ராத்தல் குண்டு போடுற பீரங்கிக்கு ஒண்ணு, எட்டு ராத்தலுக்கு ரெண்டு, ஒம்பதுக்கு மூணு... ம், ம். உங்களுது நெப்போலியன் படை, எட்டு ராத்தல். என்னுது இங்கிலீஷ்காரன், ஒம்பது. சுத்துக்குச் சுத்து நான் ஒரு பகடை கூடப் போட்டேன். போட்டுப் போட்டு உங்க குதிரைப் படைய... ஆமா, வழிச்சு எடுத்தேன். குதிச்சு ஆடவும் செஞ்சேன், மன்னிச்சுக்குங்க.

“இப்பக் கேளுங்க. அந்தக் காலத்துப் பிரான்சு ராத்தல் நம்ம ராத்தல விடப் பெருசு!... நிசமாத்தான். லைப்ரரி புஸ்தகத்துல போட்டிருக்கு. அவன் எட்டு ராத்தல்னா நம்ம தராசுல எட்டரைக்கும் மேல... ஆங்! அதேதான்! ஒம்பதுகிட்ட வந்துருதுல்ல? அப்ப உங்களுக்கும் மூணு பகடை!

“... சிரிக்கிறீங்களா? வலிக்கும், மெதுவா சிரிங்க... நாமதான்ணே மடப்பசங்க. ஆணியிலேருந்து நங்கூரச் சங்கிலி வரைக்கும் ஸ்டோர்ல ஒரே ராத்தல்ல நிறுத்து நிறுத்து, உலகம் பூரா அதே தராசுன்னு நெனச்சுட்டோம். சீனக் கடையில ‘கட்டி’ன்னு ஒரு எடை, நம்ம கடையில ராத்தல்னு ஒரு எடைன்னு பாத்து வளர்ற புள்ள, அவளுக்குத் தோணிச்சு. கேக்கவும் செஞ்சா. தொரத்திவிட்டேன்...

“என்னது?... அதுக்கும் ஆபரேசனுக்கும் என்னவா?”

கையூம் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

“தெரியலண்ணே... எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தோத்துட்டோம்னு நீங்க எழுந்திரிச்சுப் போன எடத்துல தோக்காமத்தான் இருந்திருக்கீங்க. அவ்ளோதான். மேசைய இன்னும் கலைக்கல. தட்டு வைக்க எடமில்லன்னு ஆயிஷா ஏசுறா. தரையிலதான் உக்காந்து சாப்பிடறோம்... ஆமா, எனக்கு முட்டி மடங்கல, இருந்தாலும்... ம்.

“... ரத்தமா? என்ன ரத்தம்?... சொந்தபந்தம் இல்லாதவனுக்கு யாரு குடுப்பான்னா... யார்கிட்டயும் கையேந்த மாட்டீங்களா?... நீங்க கேக்க வேணாம்ணே. கெடைச்சிருச்சாம். சிஸ்டர் சொன்னாங்க, யாரோ ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனாராம்... எனக்கு எப்படித் தெரியும்? பேரு சொல்லலயாம்லா... அப்படியும் ஆளுங்க இருக்காங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?

“... அண்ணே?... ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?... அழுவாதீங்க... சிஸ்டர்! சிஸ்டர், ஒன் மினிட், ப்ளீஸ்... அண்ணே, கட் பண்ணப் போறாங்க. போடுறீங்களா? உங்க கால்ல விழுறேன்... சொல்லிட்டு வைங்க. போடுறீங்களா?

“... என்னது?... குதிரைப் படையவா?... மேட்டுக்குப் பின்னால, பழைய எடத்துலயே... வைக்கறேன். வைக்கறேன்ணே, இன்னிக்கே வைக்கறேன். பேனா குடுத்தாங்களா?... ஆமா, ஆமா, மூணு பகடை... நான் எங்க ஏமாத்தினேன், நீங்கதான்... ஹலோ? ஹலோ?”

லைன் அறுந்துவிட்டது.

ஆனாலும் அந்தக் கடைசிக் குரலில் பழைய வம்பு இருந்தது. கையூமுக்கு அது போதும். உதடுகள் மட்டும் அசைய இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தார்.

ஜரீனா பிறந்த அன்று, ரத்தம் வற்றிக் கிடந்த மனைவி ஆயிஷாவுக்கு யாரோ ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் பேர் சொல்லாமல் போனார். மறுநாள் ஸ்டோரில், மேல் அலமாரிக்குக் கையை உயர்த்திய மருதப்பனின் சட்டைக் கை விலகியபோது, முழங்கையின் உட்புறம் ஒட்டியிருந்த பஞ்சு தெரிந்தது. அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கையூம் தன் முழங்கையின் உட்புறம் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.