மலைக்குப் பின்னால் சூரியன்

— மணி மூணே முக்காலாச்சுப்பா. நாலு மணிக்கு மாப்பிள்ள வீட்டுல வந்துருவாவ. படத்தப் பெறகு பாக்கலாம், சட்டையப் போடுங்க.

— இரு எப்சி. மாப்பிள்ள ஹெப்ரான் எனக்குன்னு வரஞ்சு குடுத்த படம். எப்படி இருக்குன்னு கேப்பாருல்லா? மூணு நீல முக்கோணம். இதுல எது மரம், எது ஆறு?

— மரமும் கிடையாது, ஆறும் கிடையாது. மலைதான். இப்ப இப்படித்தான் சுருக்கி வரையுதாவ.

— முப்பது வருசம் சர்வே ஆபீஸ்ல மலை அளந்தவன்ட்ட சுருக்குனா எப்படி? சரி, இந்த மஞ்ச வட்டம்?

— சூரியன். 'விடியல், அக்டோபர் 12'ன்னு கீழ எழுதியிருக்குல்லா. பாபநாசத்துல அவங்க அத்தை வீட்டுல நின்னு பாத்ததாம்.

— விடியலா? மலைக்குப் பின்னாலயா?

— சின்னப்பிள்ளையளே அப்படித்தானப்பா வரையும்.

— வரையட்டும். பாபநாசத்துக்கு மலை மேக்க. சூரியன் அங்கன விழும், எந்திரிக்காது. இது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல நின்னு பாத்தது. பொய் சொல்லுதான்.

— கற்பனையா இருக்கும்.

— கற்பனைக்கு எவனாவது தேதி போடுவானா? அக்டோபர் பன்னண்டு... நீ டீச்சர் டிரெயினிங்னு மூணு நாள் நாகர்கோவில் போயி, குடையத் தொலச்சுட்டு வந்தியே, அந்த வாரம்.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. புதுக்குடை நான்லா வாங்கித் தந்தேன். அது கிடக்கட்டும், அடியில ரெண்டு புள்ளி நிக்கி. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பச்சை. என்னது?

— ஆடு.

— பச்சை ஆடா?

— அப்ப செடி.

— செடி இப்படியா ஒட்டிக்கிட்டு நிக்கும்? ஆளுட்டி! கறுப்பு இவன். பச்சை எவளோ ஒருத்தி. உன்ன ஒரே ஒரு தடவ, அதுவும் எங்க முன்னால வச்சுப் பாத்துட்டு தலையாட்டிட்டுப் போனான். அங்கன ஒருத்தியக் கூட்டிக்கிட்டு மலை பாக்கான். போன எடு. வராதியன்னு சொல்லிருதேன். இந்தக் கல்யாணம் வேண்டாம்.

— அப்பா, பைய. அப்படி ஒருத்தியும் கிடையாது.

— இந்தா பச்சையா நிக்காளே!

— அது ஆளு இல்லப்பா, குடை. அன்னைக்கு அங்கன தூத்தல் போட்டுச்சு.

— குடையா... ஏட்டி, நீ தொலச்சது என்ன கலரு?