ஒண்ணாம் நம்பர்

இல்ல பைகே, ஃபயர்வால் பழுதில்ல. உங்க கம்ப்யூட்டரை அணைச்சா ஆஸ்பத்திரி முழுக்க இன்டர்நெட் வருது, போட்டா போயிடுது. மேல ஒருத்தரோட ஸ்கேன் படம் தலைநகர் பிஷ்கெக்ல இருக்கிற டாக்டருக்குப் போகாம பாதியில நிக்குது. நான் கண்ட கண்ட வயரையெல்லாம் பிடுங்கிப் பாத்துட்டு இப்பதான் இங்க வர்றேன்.

ஏன்னா, ரெண்டுக்கும் ஒரே நம்பர். நெட்வொர்க்ல ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டு விலாசம் மாதிரி. இன்டர்நெட்டை உள்ள விடற புது ஃபயர்வால் பெட்டிக்கு ஒண்ணுன்னு பிஷ்கெக்லயே வச்சு அனுப்பிட்டாங்க. வெளிய போற எல்லா மிஷினும் ஒண்ணைத்தான் தேடிப்போகும். போனா, அங்க நீங்க உக்காந்திருக்கீங்க.

தெரியும், பைகேன்னு அண்ணன் முறை வச்சுக் கூப்பிட்டாலும் நீங்கதான் டைரக்டர். எனக்கு முன்னாடி இந்த நெட்வொர்க்கைப் பாத்துக்கிட்ட மகராசன் விருந்துக்கு ஆள் உக்கார வைக்கிற மாதிரி வயசு வரிசையில நம்பர் குடுத்திருக்கார். உங்களுக்கு ஒண்ணு, டிரைவருக்குக் கடைசி. விருந்துல பெரியவருக்குன்னு வைக்கிற ஆட்டுத்தலையை உங்க முன்னாடி வைக்காததுதான் பாக்கி.

ஆனா பைகே, இங்க ஒண்ணுங்கிறது பெரியவங்க உக்கார்ற இடமில்ல. வாசப்படி. பூட்ஸ் கழட்டுற இடம். அதுக்குப் போய் அடம்பிடிச்சுக் குறுக்கால படுத்திருக்கீங்களே!

இருபது தர்றேன். என்னது, கணக்கு பாக்குற சாய்ரகுல் அக்காவுக்குக் கீழயா? சரி, அவங்களை நூறுக்குத் தள்ளிடறேன். ஆறுதலா?

நாளைக்கா! மேல படுத்திருக்கிறவருக்கு மூளையில ரத்தம் கசியுது பைகே. இங்கயே அறுக்கறதா, வண்டியில ஏத்தறதான்னு பிஷ்கெக் டாக்டர் படத்தைப் பாத்துத்தான் சொல்லணும். பிஷ்கெக் போற வழியில தோலோன் கணவாய்ல பனி கொட்டுது, பாதை மூடிட்டா வண்டிப் பேச்சே கிடையாது. ஃபோன்ல படம் பிடிச்சும் அனுப்பினோம், ஒண்ணும் தெரியலங்கறார். பாதிப் படம் போயிட்டிருந்தப்பதான் நீங்க வந்து பொத்தானை அமுக்கினீங்க.

கத்தலை பைகே. என் தொண்டையே இப்படித்தான். அணைச்சு வச்சா நீங்க மறுபடி போடுவீங்க, அதான் நம்பரையே மாத்தணும்ங்கறேன். உங்க பாஸ்வேர்டு இல்லாம மாத்த முடியாது.

யாரா? காலையில குதிரையிலேர்ந்து விழுந்தாரே, அவர்தான். பேரா... அதை நான் எப்படிச் சொல்றது பைகே? கட்டினவர் பேரை நம்மள்ல பொம்பளைங்க வாயால சொல்றதில்லையே. நர்ஸைக் கேட்டுக்குங்க.

முதல்ல பாஸ்வேர்டைப் போடுங்க.