தேதிக்கு விட்ட இடம்

என் தம்பியின் கையெழுத்து சிறுவயதிலிருந்தே கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். அதனால் அவனுக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் எழுதினேன். முதல் தேர்தலில் வீடு வீடாகக் கொடுத்த அறிமுகத் தாள் என் எழுத்து. நான்கு முறை சட்டமன்றத்துக்குப் போனான். அங்கே அவன் கேட்ட கேள்விகள், வாசித்த உரைகள், தொகுதிக்காரர்களுக்குப் போட்ட பதில்கள் எல்லாம் என் எழுத்து. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஒருமுறை எழுந்து, "உறுப்பினர் பேசுறாரா, உறுப்பினரோட அண்ணன் பேசுறாரா?" என்று கேட்டாராம். சபையே சிரித்ததாம். "அண்ணன்தான் பேசுறார். அதனாலதான் தப்பில்லாம இருக்கு" என்றானாம் தம்பி. அந்த அடக்கம் அவனுக்கு இருந்தது.

இரங்கல் குறிப்பைப் பற்றிக் கேட்டீர்கள், காவல் ஆய்வாளரே. பதவியில் இருக்கும் உறுப்பினர் இறந்தால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைச் சபையில் வாசித்து எழுந்து நிற்பார்கள். குறிப்பைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குவது வழக்கம். அன்று காலை எட்டரைக்குக் கேட்டார்கள். எட்டே முக்காலுக்குக் கொடுத்தேன். எல்லாம் தட்டச்சு, இறந்த தேதி மட்டும் பேனாவால். அது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கெட்டிக்காரர்.

ஆமாம். முந்தின நாள் மாலையே தட்டச்சு செய்து, தேதிக்கு இடம் விட்டிருந்தேன். யாரோ ஒரு குமாஸ்தா என் அப்பாவின் பெயரைப் பிழையாக எழுதுவதை நான் விரும்பவில்லை.

அப்பா பெயரில் தம்பி ஒரு பள்ளிக்கூடம் கட்டுவித்தான். அப்பாவின் நூறாவது பிறந்தநாளில் திறக்க வேண்டும் என்று நாள் குறித்தவன் நான். கூரைக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளை இன்னும் பத்து நாளைக்கு எடுக்கக் கூடாது என்றார் பொறியாளர். பிறந்தநாள் பத்து நாள் தள்ளி வராது. தம்பியின் தொலைபேசியிலிருந்து, தம்பி சொன்னதாக, மேஸ்திரியிடம் எடுக்கச் சொன்னேன். விழா நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் கூரை இறங்கியது. ஏழு பிள்ளைகள்.

பொறியாளர் சிறைக்குப் போனார். சாதாரணக் குடும்பம். இழப்பதற்கு அவர்களுக்குப் பெயர் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மனைவி ஒவ்வொரு வியாழக்கிழமையும் தம்பியின் அலுவலக வாசலில் வந்து உட்காருவாள். எதுவும் கேட்க மாட்டாள். தம்பி முதலில் பின்வாசல் வழியாகப் போய்வந்தான். பிறகு தூக்கம் கெட்டது. நெஞ்சுவலி வந்தது.

அன்று மாலை, உறுப்பினர் விடுதி அறையில் சொன்னான்.

"நாளைக்குச் சபையில சொல்லிடப் போறேண்ணா. நானே எழுதிட்டேன்."

"நீயா? உன் எழுத்து உனக்கே புரியாதேடா."

அவன் சிரிக்கவில்லை. "இது புரியும்."

மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் வாங்கிப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவன் குளிக்கப் போனபோது தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன்.

காலையில் இருவரும் நடந்துவிட்டுத் திரும்பினோம். அறை நான்காம் மாடி. லிஃப்ட் பழுது என்று சொன்னேன். பழுதில்லை. அவன் படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் பையில் மாத்திரை எடுத்து வைப்பதும் இத்தனை நாளாக என் வேலைதான். அன்று அது என் பையில் இருந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா... மாத்திரை."

"அந்தப் பேப்பரைப் படிக்க மாட்டேன்னு சொல்லு. தர்றேன்."

என்னைப் பார்த்தான். என் பையைப் பார்த்தான். "படிப்பேன்" என்றான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கால் மணி நேரம் இருக்கும். பிறகு அவன் காலரைச் சரிசெய்து, தாளை எடுத்துக்கொண்டு, காவலாளியைக் கூப்பிட்டேன்.

பத்து மணிக்குச் சபை எழுந்து நின்றது. குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவன் எழுதியதைக் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன். ஒரே பக்கம். எழுத்துக் கூட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. "முட்டுகளை எடுக்கச் சொன்னது நான். பொறியாளர் தடுத்தார், நான் கேட்கவில்லை. இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது." அவ்வளவுதான். என் பெயர் இல்லை. அண்ணன் என்ற சொல்கூட இல்லை.

உங்கள் முகம் மாறுகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். என் அப்பாவின் மகன், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, ஒரு பொய்யைச் சொல்ல இருந்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை.