பதினான்காவது ஒட்டு

மத்தியானம் மூன்று மணி. புறவழிச் சாலை. ஆள் இல்லை, நிழல் இல்லை... வளைவில் ஒரே ஒரு தகரக் கொட்டகை.

பேய்க் கதைக்கு மத்தியானம் எதற்கு என்று கேட்காதீர்கள். நடந்தது நடந்த நேரத்தில்தான் நடந்தது. உங்களுக்காக அதை ராத்திரிக்கு மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. நெருங்கி உட்காருங்கள். அந்தத் தட்டைக் கீழே வையுங்கள் முதலில். தின்றுகொண்டே கேட்கிற கதை இல்லை இது. எனக்குச் சொல்லவே குமட்டுகிறது.

என் நண்பன் ஒல்லியைத் தெரியும் அல்லவா, சரக்கு வேன் ஓட்டுகிறவன்... அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. ஒல்லி அவரை அத்தான் என்பான். நானும் அப்படியே சொல்கிறேன். பட்டறையில் அவருக்கு ‘மொழுக்கு’ என்று பெயர். தலையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, தலையில் காடு மாதிரி முடி. கைவேலையைப் பார்த்து வைத்தது. தகட்டில் ஓர் ஒட்டுப் போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பெற்ற தாய் வந்தாலும் சொல்ல முடியாது. அந்த வளைவுக் கொட்டகை அவருடைய பட்டறை.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்ஜினை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள். போனட்டைத் தூக்கினால் வெறும் குழி. அந்தக் குழியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒயர் போக ஓர் ஓட்டை, குழாய் போக ஓர் ஓட்டை, எதற்கென்றே தெரியாமல் நாலு ஓட்டை. அதையெல்லாம் தகடு வைத்து அடைத்து, குழி முழுவதையும் வழவழவென்று ஆக்கித் தர வேண்டும். அதுதான் கார்க்காரர் கொடுத்த வேலை.

“மாஸ்டர், ஞாயித்துக்கிழமை கார் கண்காட்சி. போனட்டத் தூக்கினா உள்ள ஒரு ஓட்டை கண்ணுல படக் கூடாது.”

“ஊசி நுழையற ஓட்டை இருந்தாலும் வண்டிய எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க” என்றார் அத்தான்.

ஓட்டையை அடைத்தால் கார் வேகமாகப் போகுமா என்று நானும் ஒல்லியிடம் கேட்டேன். ஒரு மண்ணும் போகாதாம். பார்க்க அழகு, அவ்வளவுதான். பணக்காரனுக்குப் பொழுது போக வேண்டாமா?

எண்ணிப் பார்த்தார். பதினான்கு ஓட்டை.

கடையில் வாங்கி வைத்திருந்த தகடு மெல்லிசு. வெல்டிங் சூடு பட்டதுமே பொத்துக்கொண்டது. பழைய வண்டித் தகடுதான் சரிப்படும். கொட்டகைக்குப் பின்னால் சக்கரம் இல்லாத வேன் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது, ஜன்னல் வழியாகச் செடி முளைத்து. அதன் பின்பக்கத் தரை நல்ல கெட்டித் தகடு. அத்தான் உள்ளே ஏறி ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டார். யாருடைய வேன், எதை ஏற்றின வேன் என்று கேட்கவில்லை. பட்டறையில் யாரும் கேட்பதில்லை. தகட்டுக்கு ஜாதகம் பார்ப்பார்களா?

தகட்டின் இரண்டு பக்கமும் பழுப்பாக ஏதோ வழிந்து, காய்ந்து, ஏடு ஏடாக நின்றது. அத்தான் வெளிப்பக்கத்தையும் ஓரங்களையும் மட்டும் கிரைண்டரால் சுத்தம் செய்தார். உள்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்களாம். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முதல் ஒட்டை வைத்து ஒரு பொட்டுச் சூடு. ச்ர்ர்ர்... டக். எதிர்ப்பக்கம் ஒன்று. ச்ர்ர்ர்... டக். ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு ஒரே கோடாகச் சுட்டால் தகடு வளைந்துவிடும். அப்படிக் காத்திருந்தபோதுதான் நாற்றம் வந்தது.

பெயின்ட் கருகுகிற நாற்றம் அவருக்குப் பழக்கம். இது அது இல்லை. பீரோவுக்குப் பின்னால் எலி செத்து நாலு நாள் ஆனால் ஒன்று வருமே... அது. அதோடு ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து. அதற்கும் மேலே ஒரு தித்திப்பு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற தித்திப்பு. சரியாகப் பற்றாத ஓரத்தில், ஊசிமுனை அளவு இடத்திலிருந்து, மஞ்சளாக ஒரு சொட்டு கொப்பளித்து வந்தது. கெட்டியாக... நூல் விட்டு இறங்கியது. சீழ். அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. அத்தான் அதைப் பழைய கிரீஸ் என்று நினைத்து வெறும் விரலால் வழித்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

த்தூ! நினைத்தாலே என் விரலைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

விட்டாரா மனிதர்? விடவில்லை. சொன்ன நாளில் சொன்ன மாதிரி கொடுக்க வேண்டும் என்கிற வீம்பு. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, மறுநாள் வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினான்கையும் அடைத்துவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு சொட்டு கக்கியது. ஒவ்வொன்றையும் துடைத்தார். தேய்த்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பெயின்டும் அடித்தார். குழி பீங்கான் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. அத்தானுக்கு இடது காது கேட்கவில்லை. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தார். போகவில்லை. அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க இது, காதுல பஞ்சு வச்சிருக்கீங்க?”

“நான் எங்கடி வச்சேன்?”

புருவம் திருத்துகிற இடுக்கியால் பிடித்து இழுத்தாள். வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளம். ஈரம். மஞ்சள். கடைசித் துண்டு வெளியே வரும்போது சப்பென்று ஒரு சத்தம். அக்கா அதைத் தரையில் உதறிவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சாயங்காலம் அடுத்த காது. சனிக்கிழமை விடியும்போது மூக்கு இரண்டும். அத்தான் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விட்டார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் இழுத்து இழுத்து ஒரு தட்டு நிரப்பினார்.

“யாரு இத இவ்ளோ ஆழத்துல வச்சு அமுக்குனது?” என்று அக்காவைத்தான் முறைத்தார், பாவி மனிதர். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் மூக்கு மறுபடியும் அடைத்திருந்தது.

அக்காதான் கண்டுபிடித்தாள். கண்ணால் இல்லை, மூக்கால். வீட்டுக்கு வந்து அவருடைய வேலைப் பேன்ட்டைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் தட்டில் கிடந்த பஞ்சின் நாற்றமும் பேன்ட்டின் நாற்றமும் ஒன்று.

“எதத் தொட்டீங்க? மறைக்காம சொல்லுங்க.”

அத்தான் சொன்னார். ஒல்லி தன் சரக்கு வேனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். வளைவு தாண்டி இருக்கிற மரக்கிடங்குக் காவல்காரரிடம் அந்தப் பழைய வேனைப் பற்றிக் கேட்டான்.

“அதுவா? ஆஸ்பத்திரி வண்டி தம்பி. செத்தவங்கள ஏத்திக்கிட்டுப் போறது. ஐஸ் பொட்டி கெடையாது, வெறும் தரையில கெடத்துவாங்க. மூக்கு காதுல பஞ்சு வச்சுத்தான் ஏத்துவாங்க. எவ்ளோ வச்சாலும் ஒழுகாம இருக்குமா... கோடையில நாங்க இந்தப் பக்கம் உக்காந்து சோறு திங்க மாட்டோம்.”

சொன்னேன் அல்லவா, தட்டைக் கீழே வையுங்கள் என்று.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். “போய் எல்லாத்தையும் பிரிங்க.” அத்தான் தயங்கினார். விடிந்தால் கண்காட்சி, வேலை முடிந்து நிற்கிறது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள். “உங்களுக்கு மூச்சு வேணுமா, பேரு வேணுமா?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் மூன்று பேரும். ஷட்டரைத் தூக்கியதுமே அந்தத் தித்திப்பு நாற்றம் முகத்தில் அப்பியது. போனட்டைத் தூக்கினால்... குழி முழுவதும் வேர்த்திருந்தது. பெயின்ட் மேல் முத்து முத்தாக மஞ்சள். அத்தான் கிரைண்டரை எடுத்து முதல் ஒட்டை வெட்டினார். அது விழுந்த நொடி, அவர் இடது காதிலிருந்து பஞ்சு தானாக நழுவிக் காலடியில் விழுந்தது. பொத்தென்று. ஒல்லி பார்த்தான். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். “வெட்டுங்க, வெட்டுங்க!”

இரண்டு, மூன்று, ஏழு, பத்து. ஒவ்வோர் ஒட்டுக்கும் உள்பக்கம் ஏடு ஏடாக இருந்த பழுப்பு ஊறிப்போய்க் கூழாக நின்றது. அவர் கையெல்லாம் அதுதான். பதின்மூன்று ஆயிற்று. இரண்டு காதும் திறந்தது. மூக்கும் திறந்தது. தொண்டைக்குழியில் மட்டும் ஒரு பஞ்சு இறங்காமல் நின்றது. அதைத் தாண்டி மூச்சு நூலாகப் போய் வந்தது. பேச்சு நின்றுவிட்டது.

பதினான்காவது ஒட்டு எங்கே?

தெரியவில்லை. மற்றதையெல்லாம் பின்பக்கம் கையை விட்டு, பொட்டுப் பொட்டாகத் தட்டுப்படுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இந்த ஒன்று நாலு பக்கமும் மூடின சட்டத்தின் மேல் எங்கேயோ போட்டது, பின்பக்கம் கை போகாது. கடைசியில், களைப்பில் போட்டது, அவருக்கு இடம் நினைவில்லை. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மொழுக்கு மாஸ்டர் தன் கையால் போட்ட ஒட்டைத் தானே தேடி, தன் வேலையைத் தானே தடவித் தடவி... கடைசியில் அதன் மேலேயே மயங்கி விழுந்தார். ஒல்லி இதைச் சொல்லும்போது அழுதுவிட்டான். எனக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. திறமை ஒரு மனிதனை இப்படியா கழுத்தைப் பிடிக்கும்?

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டையிலிருந்து எடுக்க எடுக்க வந்தது. ஆனாலும் விடிந்த பிறகும் மூச்சு நிற்கவில்லை, அந்த ஒரு நூல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்க்காரர் வந்தார். தன் காரில் பதின்மூன்று ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தவர், குனிந்து முகர்ந்ததும் கத்தலைப் பாதியில் விழுங்கினார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சாலைக்கு ஓடினார். “எனக்கு இந்தச் சனியனே வேணாம், என்னமோ பண்ணித் தொலைங்க!” என்று சாவியை வீசிவிட்டுப் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

ஒல்லிக்குக் கிரைண்டர் பிடிக்கத் தெரியாது. சட்டத்தை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்க்க வேறு ஆளைக் கூப்பிட்டான், நாற்றத்துக்கு ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஒட்டைத் தேடுவானேன்? காரே இல்லாமல் போய்விட்டால் ஒட்டு எங்கிருந்து வரும்? நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்? நான் நினைத்திருப்பேன்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனான். பழைய வண்டிகளை வாங்கி நசுக்குகிற இடம். அங்கே ஓர் இயந்திரம், மேலேயிருந்து ஓர் இரும்புப் பலகை இறங்கும், பக்கத்திலிருந்து இரண்டு. பதினொரு மணிக்குக் காரை உள்ளே தள்ளினார்கள். க்ர்ர்ர்ர்... கண்ணாடி தெறித்தது. கூரை இறங்கியது. என்ஜின் குழி சுருங்கும்போது அதிலிருந்து மஞ்சளாகக் குழைந்து வந்து பலகை ஓரத்தில் வழிந்ததாம். இயந்திரக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். நாலு நிமிஷம். கார் போய் ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது, பெட்டி அளவுக்கு.

தொலைந்தது சனியன் என்று ஒல்லி மூச்சு விட்டான். பக்கத்தில் போய்ப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவர்கள் உயிரைக் கொடுத்துத் திறந்த பதின்மூன்று ஓட்டையும்... காணோம். அந்தக் கட்டியில் ஓர் ஓட்டை கிடையாது. அழுத்தி, அழுத்தி, எல்லாவற்றையும் இவனே மூடிவிட்டான்.

போன் அடித்தது. அக்கா நம்பர். பேசியது நர்ஸ். “சீக்கிரம் வாங்க” என்றாள்.

அவன் போனபோது டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். இழுக்க எதுவும் இல்லை. பஞ்சே இல்லை. மூக்குத் துவாரம் இருந்த இடத்தில் தோல். காது இருந்த இடத்தில் தோல். வாய் இருந்த இடத்தை அக்கா நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தாள்... ஒட்டின ஓரம் எங்கேயாவது அகப்படுமா என்று.

கண் இரண்டும் திறந்துதான் இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நெஞ்சு இன்னும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.