ஈரம் காயாத சாடிகள்

வீட்டுக்குள் வளர்க்கிற செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீர் கூடித்தான் சாகின்றன. இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு கிறீன்ஹவுசில் பல கோடைகள் வேலை செய்தவள் நான், அதனால் சொல்கிறேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். இதற்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

நீங்கள் முதலில் செடிகளைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எங்கள் யூனியன்வில் வீட்டு பேஸ்மென்றில் நின்ற கஞ்சாச் செடிகள் என் கணவர் அமிர்தநாதருடையவை. களவுச் செடிகள் இல்லை. அவருக்கு எலும்பில் புற்றுநோய். நோவுக்கு மாத்திரை கொடுத்தால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். டொக்டர் கையெழுத்துப் போட்டு, வீட்டில் வளர்க்க அரசாங்க லைசன்ஸ் கிடைத்தது. இரண்டு இழுவை இழுத்தாரென்றால் மனுசன் கஞ்சி குடிப்பார், ரீவி பார்ப்பார், என்னோடு சண்டையும் பிடிப்பார். கோயில் ஆட்கள் வருகிற நாளில் மணம் தெரியாமல் இருக்க நான் ஊதுபத்தி கொளுத்துவேன்.

அந்த 2009 சித்திரையில் என் தம்பி ஜூலியன் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பெண்சாதி யோகராணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் போய் முட்டியிருந்தான். அதற்கு அப்பால் ஓட நிலம் இல்லை. யாரோ ஒருவரின் சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று எங்களுக்கு எடுத்தான். சனம் நீரேரியைக் கடந்து ஆமிப் பக்கம் போகிறது, நாங்களும் போகட்டுமா என்று கேட்டான்.

என் கணவர் போரை நிறுத்தச்சொல்லி இங்கே நடந்த ஊர்வலத்துக்குப் போய்வந்து சோபாவில் காலை நீட்டி இருந்தார். நோவோடும் போவார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். போனை வாங்கி அவர்தான் பதில் சொன்னார்.

"பயப்பிடாதை. சனத்தை ஏத்தக் கப்பல் வருகுது. நாங்கள் இஞ்ச றோட்டில நிக்கிறம், உலகமே பாத்துக்கொண்டிருக்கு. நீ இப்ப அவங்களிட்டப் போய் நிண்டா எங்களுக்கு என்ன முகம்? பொறுத்திரு."

ஜூலியன் பொறுத்திருந்தான். கப்பல் எதுவும் வரவில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆடியில் வவுனியா முகாமிலிருந்து யோகராணி எடுத்தாள். தான் தண்ணீர் எடுக்கப் போன நேரம் செல் விழுந்து வெடித்ததாம், பங்கருக்குள் தகப்பனும் பிள்ளைகளும் இருந்தார்களாம். "அண்ணை போனில பொறுக்கச் சொன்னவர் எண்டுதான் இவர் பொறுத்தவர், மச்சாள்," என்றாள். அவள் அழவில்லை. என் கணவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்தக் கிழமைதான் சாடிகளைச் சுற்றிச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்கக் கண்டேன். பறக்கிற பூச்சியால் கேடில்லை. அது மண்ணில் இடுகிற முட்டையிலிருந்து வருகிற வெள்ளைப் புழுதான் வேரைத் தின்னும். மருந்துகூடத் தேவையில்லை, தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிட்டு, மேலே கொஞ்சம் மணல் பரப்பினால் போதும். ஈரம் இல்லாத இடத்தில் அது பிழைக்காது. எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். நான் ஒவ்வொரு காலையும் தண்ணீர் விட்டேன்.

அவர் அப்போது படி இறங்க முடியாத நிலை. செடி எப்படி என்று கட்டிலிலிருந்து கேட்பார். பச்சைப்பசேலென்று நிற்கிறது என்பேன். உண்மையில் இலை மஞ்சளாகித் தொங்கியது, தண்டைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தது. காயவைத்துப் போத்தலில் வைத்திருந்ததும் முடிந்த பிறகு, பூச்சி பிடித்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை. தபாலில் அனுப்பச்சொல்லி அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். அது பொய்.

"எமில்டா, தாங்கேலாமல் கிடக்கப்பா," என்பார்.

"வருகுது, பொறுங்கோ," என்பேன்.

நான் குரலை உயர்த்தியதே இல்லை. முதுகைத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றி, கஞ்சி பருக்கி, ஒரு மனைவி செய்ய வேண்டியதில் எதையும் நான் குறைக்கவில்லை. பூசை முடிந்து வந்த பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் மருமகள்மாருக்குப் புத்தி சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த நேர்ஸ் நல்ல பிள்ளை, ஆனால் தமிழ் தெரியாது. இவருடைய ஆங்கிலம் தொழிற்சாலையோடு சரி. நோவு எப்படி என்று அவள் கேட்பாள். உடம்புக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது என்று இவர் சொல்வார். கொஞ்சம் அசதியாம், மற்றப்படி பரவாயில்லையாம் என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன். வேறு மருந்து தரட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். வேண்டாமாம், செபம் சொல்வதே ஆறுதலாம் என்றேன். அவள் கண் கலங்கி அவர் கையைப் பிடித்தாள். தான் சொன்னது விளங்கிவிட்டது என்று நினைத்து, அவர் அவளுக்கு நன்றி சொன்னார்.

அவள் லீவில் போய், பதிலுக்கு வந்த தமிழ் நேர்ஸ் அவர் சொன்னதை நேரே கேட்டிராவிட்டால் பொலிஸ்காரர் நீங்கள் என் முன்னால் இருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியில் அவர் நோவில்லாமல்தான் போனார் என்றார்கள். கேட்க எனக்குக் கசந்தது. நீங்கள் கூட்டிவந்த இந்த நதீஷா பிள்ளை நான் சொல்வதை உங்களுக்குச் சரியாக மொழிபெயர்க்கிறாள் என்று நம்புகிறேன்.

அவரைக் கொன்றது புற்றுநோய். ஆறியிருக்க வேண்டிய நோவை ஆறவிடாமல் வைத்திருந்தது நான், வேண்டுமென்றே வைத்திருந்தேன். பொறுத்திரு என்று அடுத்தவனுக்குச் சொல்வது லேசு, பொறுத்திருப்பது என்னவென்று அவரும் அறியட்டும் என்று நினைத்தேன்.

அன்று தம்பி உங்களோடு பேசவில்லையா என்று கேட்கிறீர்கள். பேசினான். அக்காவிடம் கொடுங்கோ என்று அவனே கேட்டான். "அத்தான் சொல்லுறார்தான், எனக்கு மனம் கேக்கேல்லை அக்கா. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகட்டே? நீ சொல்லு, நான் செய்யிறன்," என்றான். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மேல் நான் பேசியது கிடையாது. "அத்தான் சொன்னாக் கேளடா," என்று சொல்லிவிட்டுப் போனை அவரிடமே கொடுத்தேன். அவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். என் வாயால் வந்ததே தவிர அது என் சொல் இல்லை. அதை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.